எட்டுப் பக்கட் சீமெந்து

பெயர்: சாமித்தம்பி ஞானமலர்.
வட்டாரம்: இலுப்பையடிவெட்டை.
தொழில் என்ற கட்டத்தில்
பேனை நின்றது.

"சமூக சேவை எண்டு போடுவமா, மெடம்?"
எழுதுவினைஞர் பொடியன் நல்லவன்தான்.
வெள்ள நிவாரணத்துக்கு வந்த வருசம்
இதே கதிரையில் இருந்துதான்
"இஞ்ச நிக்காத, அங்கால போ" என்றான்.
"மேசனுக்குக் கையாள்" என்றேன்.
அந்தச் சொல்லை
எழுத்துக்கூட்டித்தான் எழுதினான்.

பதினாறு வருசம்.
பாலம் வருமுன் பாதையிலும்
பாலம் வந்தபின் பஸ்ஸிலும்
வாவியைக் கடந்து டவுனுக்கு.
மணல் அரித்தேன், தாச்சி சுமந்தேன்.
கலவையில் மண்வெட்டி இறங்கும் சத்தத்தை வைத்து
சீமெந்து குறைவா கூடவா என்று
கண்ணை மூடிச் சொல்வேன்.
ஆம்பிளைக் கூலியில் முக்கால்வாசி எனக்கு.

மறுகா, வாக்குக் கேட்டார்கள்.
மறுகா, பெண்கள் பட்டியலுக்கு ஆள் போதவில்லை.
மறுகா, வென்றுவிட்டேன்.

சபையில் கதிரைக்கு மெத்தை போட்டிருக்கிறது.
நான் நுனியில்தான் இருக்கிறேன்,
எந்த நேரமும் யாரோ வந்து
எழும்பு என்று சொல்லக்கூடும் என்பதுபோல.
பக்கத்தில் ஓய்வுபெற்ற அதிபர்.
என் தமிழைத் திருத்துவார், மெதுவாக, அன்பாக:
"கான் இல்லை பிள்ளை, வடிகால்."
கான் வெட்டியிருக்கிறேன், ஆறு ஊரில்.
வடிகாலை இன்னும் கண்டதில்லை.

மூன்றாம் கூட்டம்.
நிகழ்ச்சி நிரலில் ஏழாவது:
மண்டபத் தட்டில் வெடிப்பு.
மழை நேரே தவிசாளரின் கோப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒருவர், போன சபையின் ஊழல் என்றார்.
ஒருவர், கடற்காற்றின் உப்பு என்றார்.
ஒருவர் நிபுணர் குழு கேட்டார்.

நான் அண்ணாந்து பார்த்தேன்.
மூன்றாம் பீமிலிருந்து கிழக்காக ஓடுகிறது.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
தட்டுப் போட்ட நாள் மத்தியானம்
யோகமதியின் பெருவிரலில் கம்பி ஏறியது அங்கேதான்.
ரத்தத்துக்கு மேல் ஒரு பிடி மணல் போட்டுவிட்டு
அவள் அடுத்த தாச்சியை வாங்கினாள்.
முந்தின இரவு
எட்டுப் பக்கட் சீமெந்து லொறியில் ஏறிப் போயிருந்தது.
ஏற்றியவள் நான்.
கொந்தராத்துக்காரர் கையில் திணித்தது ஐந்நூறு.
மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினேன்,
ஓர் இலக்கம் பெரிதாக,
அடுத்த வருசமும் போடட்டும் என்று.

எழும்பினேன்.
எட்டையும் சொன்னேன்.
இரவையும், லொறியின் நிறத்தையும்,
ஏற்றிய என் தோளையும்,
யோகமதியின் விரலையும் சொன்னேன்.
சப்பாத்தைச் சொல்லவில்லை.
சொன்னால் மன்னிப்புக் கேட்டதாகிவிடும்.

விசிறி சுற்றியது.
அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இப்படியான ஆக்களை அனுப்பினால்..."
பின்வரிசையில் ஒருவர், முடிக்கவில்லை.
கொந்தராத்துக்காரரின் மச்சான் என் கட்சிதான்.
தேத்தண்ணி நேரம் என்னைத் தாண்டிப் போய்
பிஸ்கட் தட்டை எடுத்தார்.

கூட்டக் குறிப்பில் இப்படி இருக்கிறது:
"உறுப்பினர் ஒருவர் கட்டடம் தொடர்பாகக் கருத்துத் தெரிவித்தார்."
திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன்.
இரண்டு மாதமாகிறது.

நேற்று, பாலத்தடி பஸ் தரிப்பிடத்தில் யோகமதி.
வேலை நாளில் கையில் தாச்சி இல்லாமல்
அவளை நான் கண்டதே இல்லை.
"என்ர விரலையும் சொன்னியாமே" என்றாள்.
"நாளைக்கு வரத் தேவல்ல எண்டுட்டான்."
கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
வாவியில் ஒரு தோணிக்காரன் வலையை உதறினான்.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள்
கிறுகிக் கேட்டாள்:
"மெத்தைக் கதிரையாமே, என்னகா,
வடிவாச் சாஞ்சு இரிக்கலாமா?"

இன்னும் சாய்ந்து பார்க்கவில்லை
என்றேன்.